எவ்வளவு ஓடும்? மின் ஸ்கூட்டரின் வேகம் பற்றி ஒரு சிந்தனை

வாகனக் கடைக்குச் செல்லும் எமது கமக்காரர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, உது எவ்வளவு ஓடும்?" என்பதே அது. கடைக்காரப் பிள்ளையும் தயங்காமல், "ஐயா, அறுபது ஓடும்" என்று பதில் சொல்லிவிடும்.

கேட்டவர் தூரத்தைக் கேட்டார். சொன்னவர் வேகத்தைச் சொன்னார். ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் அறுபது கிலோமீற்றர் போகலாம் என்று ஐயா விளங்கிக்கொண்டார். மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகம் என்பதே பிள்ளையின் கருத்து. இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் இந்தச் சிறு மயக்கத்தினால், குத்தகைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் மரக்கறி மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவரை நாம் கண்டோம். அவருடைய வியர்வைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

மின் ஸ்கூட்டர் கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. மாறாக, எமது மக்களுக்கு அது நல்ல துணையாகலாம் என்றே கருதுகிறோம். ஆனால் வேகம் என்பது என்ன, அதை எவை கூட்டுகின்றன, எவை குறைக்கின்றன, அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பவற்றை அறிந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பது எமது தாழ்மையான கருத்து.

தூரம் எமக்குப் புதிதல்ல

சொந்த வளவில் வீடும், வீட்டுக்குப் பின்னால் தோட்டமும் கிணறுமாக வாழ்ந்தவர்கள் நாம். இடப்பெயர்வு வீட்டையும் வயலையும் பிரித்துவிட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய மக்களில் ஒரு பகுதியினருக்கு இன்னமும் தமது காணி திரும்பக் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் படுத்து, வேறோர் இடத்தில் குத்தகைக்கு விதைத்து, மூன்றாவது இடத்தில் விற்கும் வாழ்க்கை இது. இடையிலுள்ள தூரத்தை நாள்தோறும் எமது உடம்பாலும் பணத்தாலும் கட்டி முடிக்க வேண்டியுள்ளது.

எரிபொருள் இல்லாத காலங்களையும் நாம் கண்டவர்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் தடை, டோர்ச் பற்றரியும் தடை. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். பின்னர் 2022 இல் நாடு முழுவதுமே வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே முதலில் ஒதுக்கப்பட்டது. வீட்டிலேயே சார்ஜ் ஏற்றக்கூடிய வண்டியின் மீது பலருக்கும் அப்போது ஆசை பிறந்ததில் வியப்பில்லை. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் அந்த ஆசைக்குக் கடையும் கிடைத்தது, கடனும் கிடைத்தது.

மின் ஸ்கூட்டர் எவ்வளவு வேகமாக ஓடும்?

இக்கேள்விக்கு ஒரே பதில் இல்லை. நின்றுகொண்டு ஓட்டும் சிறிய சில்லு ஸ்கூட்டர்களுக்கு ஜேர்மனி 2019 இல் மணிக்கு 20 கிலோமீற்றர் என்று எல்லை வகுத்தது. சீனாவில் மின் சைக்கிள் என்ற வகுப்பில் கோடிக்கணக்கானோர் ஓட்டும் வண்டிகளுக்கு 2019 முதல் எல்லை 25 கிலோமீற்றர். இந்தியாவிலும் 250 வாற்றுக்குக் குறைந்த மோட்டரும், 25 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகமும் கொண்ட இலேசான வண்டிகள் மோட்டார் வாகனமாகக் கணிக்கப்படுவதில்லை. அதே இந்தியாவில் தயாராகும் ஏதர் 450எக்ஸ் என்ற ஸ்கூட்டர் 90 கிலோமீற்றர் வேகம் செல்லும் எனத் தயாரிப்பாளர் கூறுகின்றனர்.

ஆகவே மின்சாரத்துக்கு வேகம் போதாது என்று எவரும் எண்ண வேண்டாம். 25 இல் ஓடும் வண்டியும் 90 இல் ஓடும் வண்டியும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அவற்றைப் பிரிப்பவை மோட்டரின் பலம், பற்றரியின் அளவு, சட்டத்தின் எல்லை, வாங்குபவரின் பணப்பை ஆகியவையே.

வேகத்தை எவை தீர்மானிக்கின்றன?

முதலாவது, வோல்ற்றளவு. பெரும்பாலான மலிவு ஸ்கூட்டர்களில் மோட்டர் பின் சில்லுக்குள்ளேயே இருக்கும். அது சுழலும்போது ஒரு டைனமோவைப் போலவும் வேலை செய்து, பற்றரிக்கு எதிராகத் தானும் ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. சுழற்சி கூடக் கூட இந்த எதிர் அழுத்தமும் கூடும். அது பற்றரியின் அழுத்தத்தை நெருங்கியதும் மேற்கொண்டு வேகம் ஏறாது. இதனாலேயே ஒரே மோட்டர் 48 வோல்ற்றில் ஒரு வேகமும், 60 வோல்ற்றில் அதனிலும் கூடிய வேகமும் காட்டுகிறது.

ஈயப் பற்றரி வைத்த வண்டி காலையில் பறந்து, மாலையில் ஊருவதற்கும் இதுவே காரணம். 12 வோல்ற் பற்றரிகள் ஐந்தைத் தொடுத்தால் 60 வோல்ற். முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் அது 63 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். இறங்கி முடியும் தறுவாயில், சுமையோடு ஓடும்போது 52 மட்டில் வந்துவிடும். காலையில் 50 இல் ஓடிய வண்டி, அந்நிலையில் 41, 42 க்கு மேல் போகாது. இரும்புப் பொசுபேற்று வகை லிதியம் பற்றரியின் அழுத்தம் கடைசி வரை பெரிதும் இறங்காமல் நின்று, பின் திடீரென முடியும்.

இரண்டாவது, கொன்ரோலர் எனப்படும் கட்டுப்பாட்டுப் பெட்டி. மோட்டருக்கு எவ்வளவு மின்னோட்டம் போகலாம் என்று தீர்மானிப்பது இதுவே. மோட்டர் அளவுக்கு மீறிச் சூடேறினாலும், பற்றரி இறங்கினாலும் பல வண்டிகளில் இது தானாகவே வேகத்தைக் குறைக்கும். சில வண்டிகளில் வேக எல்லைக்கென ஒரு வயர் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் கூட ஓடும் என்று இளைஞர்களுக்குச் சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த எல்லையை மனதிற்கொண்டே பிறேக்கும் சில்லும் செய்யப்பட்டிருக்கின்றன என்பதை அவர்கள் சொல்லிக் கொடுப்பதில்லை.

மூன்றாவது, காற்று. இதையே நாம் மிகக் குறைவாக மதிக்கிறோம். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை வெல்ல வேண்டிய பலமோ எட்டு மடங்காகும். ஓட்டுபவரோடு சேர்த்து 150 கிலோ எடையுள்ள ஸ்கூட்டரைச் சமதரைத் தார் வீதியில் 25 இல் ஓட்ட, மட்டான கணக்கில் 270 வாற்றுப் பலம் போதும். அதையே 50 இல் ஓட்டுவதற்கு 1,200 வாற்றுக்கு மேல் வேண்டும். வேகம் இரட்டித்தது. பலமோ நாலரை மடங்காயிற்று.

சோழகக் காற்றுக் காலத்தில் சங்குப்பிட்டிப் பாலத்திலோ பண்ணைப் பாலத்திலோ சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் வீசும்போது நீங்கள் 25 இல் ஓடினால், உங்கள் நெஞ்சில் மோதுவது 45 கிலோமீற்றர் காற்று. கால் உளைவது போலவே பற்றரியும் உளையும். அது போகக்கூடிய தூரம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்துவிடும்.

நான்காவது, சுமையும் வீதியும். சமதரையில் நல்ல தார் வீதியில் சுமை ஏறினால் உச்ச வேகம் சிறிதளவே குறையும். இதைக் கண்டு சிலர் ஏமாந்துவிடுகிறார்கள். புறப்படும்போதும், ஏற்றத்திலும், மணலிலும்தான் சுமையின் குணம் தெரியும். இரண்டு 50 கிலோ உரப்பைகளோடு மொத்தம் 250 கிலோவாகிவிட்ட ஒரு வண்டி, நூறு மீற்றருக்கு ஐந்து மீற்றர் உயரும் ஒரு குளக்கட்டில் ஏறுகிறது என்று வைப்போம். அங்கே 25 இல் ஏற 1,200 வாற்று மட்டில் வேண்டும். மோட்டர் 500 வாற்றானால் நடக்கும் வேகத்தின் இரு மடங்கிலேதான் அது ஏறும். சில்லு புதையும் மணல் ஒழுங்கையில் உருளும் தடை தார் வீதியைவிடப் பல மடங்கு. அப்படி முக்கி முக்கி ஓடும் வேளையிலேயே மோட்டர் சூடேறிப் பழுதாகிறது.

காற்று இறங்கிய ரயரும், சில்லோடு உராய்ந்துகொண்டிருக்கும் பிறேக்கும் சத்தமின்றி வேகத்தைத் திருடுபவை. கிழமைக்கு ஒரு தடவை ரயருக்குக் காற்று அடிப்பது காசில்லாத வைத்தியம்.

ஒரு சிறு கணக்கு

இப்போது எமது வாழ்க்கைக்கு இக்கணக்கைக் கொண்டு வருவோம். வீட்டிலிருந்து தோட்டம் 12 கிலோமீற்றர். போய்வர 24. வண்டியில் 60 வோல்ற், 20 அம்பியர் மணி பற்றரி உண்டு. 60 ஐயும் 20 ஐயும் பெருக்கினால் 1,200 வாற்று மணி. அதில் கால் பங்கு மோட்டரிலும் வயரிலும் சூடாகப் போய்விடும் என்றும், பற்றரியின் நலன் கருதி ஐந்திலொரு பங்கை அடியில் விடுகிறோம் என்றும் கொண்டால், சில்லுக்கு 720 கிடைக்கும்.

25 இல் ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கு 11 மட்டில் செலவாகும். ஆகவே 65 கிலோமீற்றர் மட்டில் போகலாம். 50 இல் ஓடினால் கிலோமீற்றருக்கு 25 மட்டில் செலவு. 30 கிலோமீற்றரைத் தொடாமலே நின்றுவிடும். புதுப் பற்றரிக்கே இந்தக் கணக்கு. பயன்பாட்டில் ஐந்திலொரு பங்கு பலம் குறைந்த பற்றரியானால், 50 இல் ஓடுபவர் 24 கிலோமீற்றரை முடிக்காமல் வீட்டுக்குக் கிட்ட வந்து தள்ளத் தொடங்குவார். 25 இல் ஓடுபவருக்கோ அதே பற்றரி 50 கிலோமீற்றருக்கு மேலும் உழைக்கும். ஈயப் பற்றரி வேகமாக உறிஞ்சப்படும்போது தன் முழு அளவையும் தராது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்குக் கிடைக்கும் இலாபம் என்ன? 12 கிலோமீற்றரை 25 இல் ஓட 29 நிமிடம். 50 இல் ஓட 14 நிமிடம் மட்டில். ஒரு வழிக்குக் கால் மணித்தியாலம் மிச்சம். அந்தக் கால் மணித்தியாலத்துக்காகப் போகும் தூரத்தின் பாதிக்கு மேல் கொடுக்கிறோம். முப்பதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் ஓடுவதே எமது வீதிக்கும் பற்றரிக்கும் பொருத்தமான நடுவழி என்பது எமது எண்ணம்.

நிற்கும் வேகத்தையும் கேளுங்கள்

ஓடும் வேகத்தைக் கேட்பவர்கள் நிற்கும் தூரத்தைக் கேட்பதில்லை. வேகம் இரட்டித்தால் வண்டிக்குள் இருக்கும் மோதல் சக்தி நான்கு மடங்கு. ஆபத்தைக் கண்டு பிறேக் பிடிக்க ஒரு செக்கன் எடுக்கும் என்று கொண்டால், காய்ந்த தார் வீதியில் நல்ல பிறேக்குள்ள வண்டி 25 இல் வரும்போது 12 மீற்றரில் நிற்கும். 50 இல் வந்தால் 33 மீற்றர் தேவை. கிறவல் வீதியில், பின்னால் மூட்டையும் முன்னால் பிள்ளையும் இருக்கையில் அதனிலும் கூடுதலாகும்.

மேலும், இவ்வண்டி சத்தமின்றி வருவது. மோட்டார் சைக்கிள் வருவதை ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைக்கும், கண் மங்கிய பாட்டிக்கும் காது சொல்லிவிடும். மின் ஸ்கூட்டர் கிட்ட வந்த பின்னரே தெரியும். நெருக்கமாகக் கொட்டில்களும் வீடுகளும் உள்ள குடியேற்றங்களில் ஓட்டுபவர்கள் இதை மனதிற் கொள்ள வேண்டும்.

"எங்களுக்கு மட்டும் மாட்டுவண்டி வேகமா?"

இளைஞர் சிலரோடு இதைப் பற்றிப் பேசியபோது ஒரு தம்பி இப்படிக் கேட்டார். "எல்லாரும் பறக்கினம். எங்களுக்கு மட்டும் மாட்டுவண்டி வேகமோ? உள்ளது போதும் எண்டு எவ்வளவு காலம் எங்களுக்குச் சொல்லப் போறியள்?"

அக்கேள்வியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. குறைந்ததைக் கொண்டு திருப்திப்படும்படி இடம்பெயர்ந்தோருக்குப் பலரும் பல தடவை உபதேசித்துவிட்டார்கள். வேகம் வேண்டிய வேளைகளும் உண்டு. பால் கெடுமுன் சேகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். விடிய நாலு மணிக்குச் சந்தை கூடுமுன் கீரையை இறக்க வேண்டும். பிரசவ வலி கண்ட தாய்க்கோ 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டுமேயன்றி, ஸ்கூட்டரின் வேகத்தை நம்புவது தகாது.

ஆயினும் தம்பிக்கு நாம் சொன்னது இதுதான்: 50 இல் சுமையோடு நம்பிக்கையாக ஓட வேண்டுமானால் அதற்கேற்ற மோட்டரும், பெரிய லிதியம் பற்றரியும், இரு சில்லுக்கும் உறுதியான பிறேக்கும் உள்ள வண்டியை வாங்க வேண்டும். அதன் விலை வேறு. சிறிய வண்டியை வாங்கி, வயரைக் கழற்றிப் பெரிய வண்டியின் வேகத்தில் ஓட்டுவது, அரைப்பட்டினி மாட்டை அடித்து உழுவதற்கு ஒப்பாகும். மாடு முதலில் ஓடும். பின் படுத்துவிடும்.

படுக்கும் மாட்டுக்கும் தவணைப் பணம் கட்டத்தான் வேண்டும். இதுவே எமது பெரிய கவலை. போருக்குப் பின் எமது கிராமங்களுக்குள் புகுந்த லீசிங்கும் நுண்கடனும் எத்தனை தாய்மாரின் தூக்கத்தைக் கெடுத்தன என்பதை யாவரும் அறிவோம். ஈயப் பற்றரி விலை குறைவு. ஆனால் ஐந்து பற்றரி சேர்ந்தால் முப்பது கிலோவுக்கு மேல் பாரம். ஆழமாக இறக்கி இறக்கி ஏற்றினால் சில நூறு தடவைகளிலேயே தளர்ந்துவிடும். இரும்புப் பொசுபேற்று வகை லிதியம் பற்றரி அதன் மூன்றிலொரு பங்கு பாரமே இருந்து, ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். ஆனால் முதலில் கொடுக்கும் பணம் கூட. தவணை முடியுமுன் பற்றரி முடிந்தால், ஓடாத வண்டிக்குக் கடன் கட்டும் நிலை வரும்.

மின்சாரமும் எமது கையில் முழுதாக இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 இல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறால் நாடே இருண்டது. எனவே மெதுவாக ஓட்டி, பற்றரியில் ஒரு நாளுக்கு மிச்சம் வைத்திருப்பவரே அப்படியான நாளிலும் தோட்டத்துக்குப் போவார்.

கடையில் கேட்க வேண்டியவை

இனிக் கடைக்குப் போகும்போது "எவ்வளவு ஓடும்" என்று மட்டும் கேட்காமல் இவற்றையும் கேட்போம்.

ஒன்று: அரைவாசி சார்ஜில், இருவரோடு அல்லது ஒரு மூட்டையோடு என்ன வேகம்? அந்த வேகத்தில் எத்தனை கிலோமீற்றர்?

இரண்டு: பற்றரி ஈயமா, லிதியமா? எத்தனை வோல்ற், எத்தனை அம்பியர் மணி? இரண்டையும் பெருக்கி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று: பற்றரிக்கு எத்தனை மாத உத்தரவாதம்? தவணைக் காலம் அதைவிட நீளமா? மாற்றுப் பற்றரி இன்று என்ன விலை?

நான்கு: இரு சில்லுக்கும் பிறேக் எப்படி? கொன்ரோலர் பழுதானால் எமது மாவட்டத்திலேயே திருத்துவார்களா?

ஐந்து: பதிவும் காப்புறுதியும் சாரதி அனுமதிப்பத்திரமும் பற்றிக் கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், மாவட்டச் செயலகத்திலுள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் விசாரித்தீர்களா?

வேகமானி காட்டுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். வேகமானி உள்ளதைக் குறைத்துக் காட்டக்கூடாது, சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்பதே பல நாடுகள் ஏற்றுக்கொண்ட விதி. கைக்கடிகாரம் இருந்தால் போதும். பின்னால் இருப்பவர் ஒரு கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை செக்கன் என்று பார்க்கட்டும். 72 செக்கன் ஆனால் வேகம் 50. 90 ஆனால் 40. 120 ஆனால் 30. 144 ஆனால் 25. எட்டாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் பார்த்துச் சொல்லும்.

எமது வேண்டுகோள் ஒன்று. தனித்தனியே போய் ஏமாறாமல், கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். விற்பனை செய்ய விரும்புபவர் ஒரு வண்டியைக் கொண்டு வரட்டும். காட்சி வீதியில் அல்லாமல் எமது கிறவல் வீதியில், எமது குளக்கட்டில், எமது உரப்பையோடு, மாலைக் காற்றில் அது ஓடட்டும். பத்துப் பேர் பார்த்து நிற்க ஓடிக் காட்டிய வேகமே எமக்கு உண்மையான வேகம். விளம்பரத் தாளிலுள்ள எண் அந்த வண்டிக்குச் சொந்தம், எமது பாதைக்குச் சொந்தமல்ல.

தூரத்தை நாம் கேட்டு வாங்கவில்லை. அது எம்மீது சுமத்தப்பட்டது. அதைக் கடக்க ஒரு கருவி கிடைக்குமானால் தாராளமாக எடுத்துக்கொள்வோம். ஆனால் தோட்டத்துக்குப் போன ஐயா, இரவுச் சாப்பாட்டுக்கு முன் தள்ளாமல், விழாமல், கடன்படாமல் வீடு வந்து சேர வேண்டும். "எவ்வளவு ஓடும்?" என்று இனிக் கேட்கும்போது, அந்தக் கேள்விக்குள் இதுவும் அடங்கியிருக்கட்டும்.